கட்டிலில் படுத்தபடியே கடல் பார்க்கலாம்

சங்குமேட்டுக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் ஏராளம், கடல் தெரிகிற ஜன்னல்களோ விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், அந்த ஊரில் நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், வந்து தங்குகிறவர்கள் அதைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்வதும் வெகுகாலமாக யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் நடந்துவந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த லாட்ஜ்கூட 'கடலோரம்' என்றுதான் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. கடல் எங்கே என்று கேட்டால் அதன் மேனேஜர் கிழக்கே கையைக் காட்டுவார், கிழக்கில் கடல் இருப்பது உண்மைதானே என்று நினைத்து, கேட்டவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிடுவார்கள். ஆனால் அலைவாசல் அப்பார்ட்மெண்ட்ஸில் மூன்றாம் மாடித் தெற்குக் கோடி வீட்டைப் பார்த்துக்கொண்ட அமலோற்பவம் சொன்ன பொய், அப்படிக் குறைத்து எடுத்துக்கொள்ளத் தெரியாத இரண்டு பேர் காதில் போய் விழுந்துவிட்டது. அதனால்தான் அந்தக் கட்டடம் திரும்பவேண்டி வந்தது.

அலைவாசல், கடலுக்கும் சின்னாண்டிக்குப்பத்துக்கும் நடுவில், வடக்குத் தெற்காக நீண்டு, வழியில் படுத்த மாடு மாதிரி கிடந்தது. கிழக்கு முகமாக ஒன்பது வீடு, மேற்கு முகமாக ஒன்பது வீடு. கிழக்கு வீடுகளின் பால்கனியில் நின்றால் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேற்கு வீடுகளின் ஜன்னலைத் திறந்தால் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் வயிறும், அதன் கீழே குப்பத்து ஓட்டுக் கூரைகளும்தான் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கட்டடம் வருவதற்கு முன்பு, குப்பத்து ஜனங்கள் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, இன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தவர்கள். கட்டடம் எழும்பிய பிறகு, தினம் யாராவது ஒருவர் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லவேண்டியதாயிற்று. அதையும் அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

அமலோற்பவம் ஐம்பது வயதுக்காரி. வீட்டுக்குச் சொந்தக்காரரான லூர்துநாதன் பிரான்சில் இருந்தார், அமலோற்பவம் அவரைப் பிரெஞ்சு மரியாதையாக 'முசே' என்றுதான் கூப்பிடுவாள்; சாவி, படுக்கை விரிப்பு, கேஸ் சிலிண்டர், வருகிறவர்களுக்குச் சிரித்த முகம், எல்லாம் அமலோற்பவத்தின் பொறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போனில், "ஆளுங்கள இழுக்கற மாதிரி நல்லா ஒரு வரி போடு" என்று சொல்ல, அவள் இரண்டு நாள் யோசித்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, வாடகை விளம்பரத்தில் 'கட்டிலில் படுத்தபடியே கடல் பார்க்கலாம்' என்று போட்டுவிட்டாள். எழுதி முடித்ததும் அவளுக்கே அந்த வரி பிடித்துப்போயிற்று. வந்தவர்கள் யாரும் படுத்துப் பார்த்துச் சோதிக்கவில்லை; பையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்கள். கேட்ட ஒன்றிரண்டு பேரைக் குளியலறைக்குக் கூட்டிப்போவாள். "ஸ்டூல் மேல ஏறுங்க, கம்பியப் புடிச்சுக்குங்க, கன்னத்த வென்டிலேட்டர்ல வச்சு இடது பக்கமா பாருங்க. தெரியுதா?" சவுக்கு மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் நீலம் தெரியும். தெரியுது என்று சொல்லி அவர்களும் இறங்கிவிடுவார்கள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஜன்னல்களையெல்லாம் பழைய போர்வையால் மூடிய ஒரு வேன் அலைவாசல் கேட்டில் வந்து நின்றது. அதிலிருந்து பெரிய ஃபிளாஸ்க்கோடு இறங்கிய ஒல்லியான அம்மாள், பாவாயி என்று பேர், நாமக்கல் பக்கம், நேரே அமலோற்பவத்திடம் வந்து, "ஏனுங்கக்கா, படுத்துக்கிட்டே கடல் பாக்கலாம்னு போட்டிருந்ததே, அது இந்த ஊடுதானுங்களா?" என்று கேட்டாள். அமலோற்பவம் வழக்கம்போல், "ஆமாம்மா, வாங்க வாங்க" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள், வேனின் பின்கதவைத் திறந்து பாவாயியின் புருஷனை இறக்கினார்கள். நாச்சிமுத்துவுக்கு இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாட்ச்மேனும் இரண்டு ஆட்டோக்காரர்களும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கிப் போனார்கள். வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார், ஆனால் இமைக்கு உள்ளே விழி ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலில் கிடத்தி, தலையணையைச் சரிசெய்து, பாவாயி காதில் ஏதோ சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார்.

"கடலு எங்க, புள்ள?"

பாவாயி அமலோற்பவத்தைப் பார்த்தாள். அமலோற்பவத்தின் கை தன்போக்கில் குளியலறைப் பக்கம் எழுந்து, பாதியில் நின்றது. கால் இல்லாத மனிதரை ஸ்டூல்மேல் ஏறு என்று எப்படிச் சொல்வது? நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஊருக்கு ஊர் பொய்யைப் பார்த்தவர்.

"பரவால்ல, உடு. தொட்டியிலயும் தண்ணிதான இருக்குது" என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் அமலோற்பவத்திடம் பதில் தயாராக இருந்திருக்கும். அவரோ தொட்டியை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீழே இறங்கி, கிழக்கு முகத்தில் முதல் மாடியில் இருந்த கோதண்டபாணி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "சார், மேல ஒருத்தர் வந்திருக்காரு. உங்க பால்கனியில ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் படுக்க வச்சா..." என்று இழுத்தாள். கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு ஒருத்தர், நாளைக்கு ஒன்பது பேர். சங்க விதியில இடமில்லம்மா." கிழக்கில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன, அல்லது நிறைந்திருந்தன. மணலில் இறக்கலாமென்றால், அவருக்கு முதுகிலும் அடிபட்டிருந்தது, இனி ஊருக்குப் போகும் நாளில்தான் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததைப் பாவாயி பிறகுதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை அமலோற்பவம் பால் பாக்கெட்டோடு மேலே போனபோது, நாச்சிமுத்து ஜன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போடச்சொல்லி, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை வெளியே நீட்டி, சுவரின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தட்டினார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் பாடியைத் தட்டுவாரே, அதே தட்டு. "வா... வா... லெஃப்ட்ல ஒடி... நல்லா ஒடி... வா வா வா வா... ஹோல்டான்!"

பால் பாக்கெட் கையில் லேசாக ஆடியது. ஜன்னலின் நடுவில் இருந்த தண்ணீர்த் தொட்டி வலது பக்கம் ஒரு முழம் தள்ளிப்போய் நின்றது.

"நாலு வருசமா இப்படித்தானுங்க, சும்மா செவுத்தத் தட்டிட்டே இருப்பாரு" என்று பாவாயி அடுப்படியிலிருந்து சொன்னாள். "நாங்களும் கண்டுக்கறதில்லீங்க. எங்க ஊடு ஒருநாளும் அசைஞ்சதில்ல."

நாமக்கல் வீடு கேட்கவில்லை, சங்குமேட்டு வீடு கேட்டது, அவ்வளவுதான். கட்டடத்தின் தெற்கு முனை கடல் பக்கமாகப் பத்துத் தப்படி போயிருந்தது; வடக்கு முனை குப்பத்துப் பக்கமாகப் பத்துத் தப்படி வந்திருந்தது. ஒரு சுவரில் கூட விரிசல் இல்லை. காம்பவுண்டுச் சுவர், கூட்டத்தில் யாரோ வருவதைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் மாதிரி, தேவையான அளவுக்கு விலகி நின்றது.

முதலில் கண்டுபிடித்தவர் கேபிள்காரர். வீடுகளில் டிவி படம் வரவில்லை என்று வரிசையாகப் போன் வந்ததும், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்து, கட்டடத்தோடு டிஷ்ஷும் திரும்பிவிட்டது என்று சொல்லி, டிஷ்ஷைப் பழைய திசைக்குத் திருப்பிவிட்டு இறங்கினார். "தினம் திரும்புமா?" என்று மட்டும் கேட்டார், திரும்பும் போலிருக்கிறது என்றதும், நட்டை இறுக்காமல் விட்டுப்போனார். மின்வாரியத்து லைன்மேன் கம்பத்திலிருந்து வரும் ஒயர் இழுபடுவதைப் பார்த்து, பத்து மீட்டர் கூடுதலாகச் சுருட்டித் தொங்கவிட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. தரைத்தளத்துச் சரோஜா டீச்சர் காலையில் போட்ட கோலம் வாசலில் இல்லாமல் நடு மணலில் தனியாகக் கிடப்பதைப் பார்த்து, அன்றிலிருந்து கட்டடம் நின்ற பிறகே கோலம் போடுவது என்று வைத்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் பெஞ்சை நிழல் போகிற பக்கமெல்லாம் நகர்த்தினார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, அனுமதி வாங்காமல் கட்டடத்தைத் திருப்பியது ஏன் என்று நோட்டீஸ் ஒட்டினார். எந்தச் சுவரில் ஒட்டினாரோ அந்தச் சுவர் மறுநாள் அவர் கண்ணில் படாத பக்கத்துக்குப் போய்விட்டதால், ஒட்டியதற்குச் சாட்சியாக அவரே தன்னைப் படமெடுத்து வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. அமலோற்பவத்துக்கு வந்த கஷ்டம் ஒன்றுதான்: மேற்கு வெயிலில் காயப்போட்ட விரிப்புகள் மத்தியானமே நிழலுக்குள் போய்விட்டன.

குப்பத்தில் யாரும் சத்தம் போடவில்லை. புதன்கிழமை வடக்கு முனை வலை காயப்போடும் களத்துக்குள் வந்து நின்றபோது, பெண்கள் வலைகளைச் சுருட்டி அந்தப் பக்கம் எடுத்துப்போட்டார்கள். வியாழக்கிழமை காலை, பஞ்சாயத்தாரான தேசப்பன் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கட்டடத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு கதவு அகலத்துக்கு, கடல் தெரிந்தது. பதினோரு வருஷமாக அவர் வாசலில் இருந்து தெரியாத கடல். குச்சியைத் துப்பிவிட்டு, "தண்ணி கலங்கலா இருக்குது. இன்னிக்குப் போவேணாம்" என்றார். அன்றைக்கு யாரும் தொட்டி ஏணியில் ஏறவில்லை.

கிழக்கு வீடுகளில்தான் கலவரம். அவர்களுக்குக் கடல் வலது பக்கமாக நழுவிக்கொண்டே போயிற்று. கோதண்டபாணி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்து உரக்கப் படித்தார். "கிழக்கு நோக்கிய வீடு. போட்டிருக்கு. இதுக்காக நான் முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்க பஸ்ஸுல வேலைக்குப் போனேன். இப்ப என் பால்கனியில நின்னா பாதி நேரம் யாரோ மீன் கழுவறது தெரியுது." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் அமலோற்பவத்துக்கு வருத்தம். அந்த மனிதர் தினமும் காலையில் காபியோடு பால்கனியில் நிற்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறாள். அந்த அரைமணி நேரம்தான் அவர் யாரையும் திட்டாத நேரம்.

யாரோ, மூன்றாம் மாடிக்காரரின் கையைக் கட்டிவிடலாம் என்றார்கள். அது மரியாதையில்லை என்று கோதண்டபாணியே சொல்லிவிட்டார். கடைசியில், தெற்கு முனை போகிற பாதையில் குறுக்கே, கிழக்கு வீட்டுக்காரர்களின் நான்கு கார்களையும் வரிசையாக நிறுத்துவது என்று முடிவாயிற்று. நிறுத்தி, கியரில் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலை நாச்சிமுத்து கையை நீட்டினார், எட்டிப் பார்த்தார், கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கார் நாலு நிக்குதும்மா."

"இருந்தா என்னண்ணே? கட்டடம் பெருசு, கார் சின்னது. நீங்க தட்டுங்க" என்றாள் அமலோற்பவம். அவளுக்கு அதற்குள் ஆத்திரம் வந்திருந்தது.

"அட, அதெப்படிங்க?" அவர் அதிர்ந்துபோனார். "முப்பது வருசத்துல அடுத்தவன் வண்டி மேல ஒரு கீறல் போட்டதில்லீங்க நானு. என்ற மேல வந்து ஏத்துனவன் வேற. நான் அப்படியில்ல."

அன்றைக்குக் கட்டடம் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திரும்பவில்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும். பன்னிரண்டு மணிக்குப் புது ஆட்கள். ஜன்னலில் இப்போது தொட்டி போய், சவுக்குத் தோப்பு மட்டும் தெரிந்தது. கடலுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அமலோற்பவத்திடம், துணி மடித்துக்கொண்டே பாவாயி சொன்னாள்: "அக்கா, அவுரு தூங்கி நாலு வருசமாச்சுங்க. கண்ண மூடுனா எதிர்ல அந்த பஸ்சு வருதாம். ராங் சைடுல, லைட்டப் போட்டுட்டு. ஒக்காந்தமானிக்கு, படுக்காம, ரெண்டு நிமிசம் அசருவாரு, அப்பறம் திடுக்குனு எந்திரிப்பாரு. எத்தன டாக்டரு, எத்தன மந்திரம். கடைசியில, கூட ஓட்டுன டிரைவர் ஒருத்தரு சொன்னாருங்க, கடல்னு ஒண்ணு இருக்குது நாச்சிமுத்து, அங்க எதிர்ல ஒண்ணுமே வராதுன்னு. இவரு முட்டை லோடும் போர்வெல் வண்டியும் வடக்க ஓட்டுனவரு, கடலப் பாத்ததேயில்ல. அதப் பாத்தா தூங்கிருவேன்னு சொன்னாரு. அதுக்குத்தானுங்க, எதிர்ல வர்ற பஸ்சு தெரியாம வேன் ஜன்னல மூடிட்டு வந்தோம்."

அமலோற்பவம் கடற்கரையில் பிறந்தவள். எதிரில் ஒன்றுமே வராதா? கடலில் எதிரில் வருவதைத் தவிர வேறென்ன நடக்கிறது? ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல், கரையை நோக்கி, நுரையைத் தள்ளிக்கொண்டு, இரவும் பகலும் வந்துகொண்டேதானே இருக்கிறது. ஒரு பொய் சொல்லி அந்த மனிதரை இவ்வளவு தூரம் வரவழைத்தாயிற்று. இப்போது அவர் அந்த ஜன்னலில் கடலைப் பார்த்தால், ஒரு பஸ்ஸுக்குப் பதில் ஓராயிரம் பஸ் வரும்.

"பாவாயி," என்றாள், முதல் தடவையாகப் பேர் சொல்லி. "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. கடல்லயும் எதிர்ல வரும்மா. அலை. வந்துக்கிட்டேதான் இருக்கும். நிக்கவே நிக்காது."

பாவாயி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "அவருகிட்டச் சொல்லாதீங்கக்கா" என்றாள். "இத்தன நாளு எதையோ நெனச்சுக் காத்திருக்கறாரு. பாத்துட்டே பயப்படட்டும். பாக்காம ஊருக்குப் போனாருன்னா, இனி காத்திருக்கறதுக்கும் ஒண்ணும் இருக்காதுங்க."

அமலோற்பவம் அன்று சாயங்காலம் குப்பத்துக்குப் போனாள். மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்த தேசப்பன் முன்னால் நின்று, விளம்பரத்தில் எழுதிய வரியிலிருந்து நான்கு கார் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட அவள் இப்படி முழுதாகச் சொன்னதில்லை.

"அதுக்கு நாங்க இன்னா பண்ணணும்ன்ற?" என்றார் தேசப்பன்.

"காரைத் தூக்கி ஓரமா வைக்கணும். நீங்கதானே படகு தூக்கறவங்க."

தேசப்பன் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "எம்மா, அந்தக் கட்டடத்த எங்க வாசல்ல கொண்டாந்து வச்சப்போ ஒருத்தன் வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பதினோரு வருசத்துல நீதான் மொதல் ஆளு, இப்படிச் செய்யப்போறம்னு சொல்லிட்டுச் செய்யற. காலைல வரோம், போ."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நாற்பது பேர் வந்தார்கள். வலைக் கயிறு ஒன்றும் எடுத்துவரவில்லை. தோளில் போடத் துண்டு மட்டும். ஒரு காருக்குப் பத்துப் பேர், பக்கத்துக்கு ஐந்தாகக் குனிந்து, தேசப்பன் குரல் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிச் சொல்ல, அலையிலிருந்து படகை மேட்டுக்கு ஏற்றுகிற அதே கணக்கில் அடியெடுத்து வைத்தார்கள். இரண்டாவது காரின் அலாரம் கத்தத் தொடங்கியது. கத்தக் கத்தவே அதையும் தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்கு நிழலில் இறக்கினார்கள். கோதண்டபாணி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, தன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. முன்பு இருந்ததைவிட நல்ல நிழலில் நின்றது. அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்து, எதைப் பற்றித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

மேலே நாச்சிமுத்து கையை வெளியே நீட்டினார். இரண்டு தட்டு. "வா... வா... இப்பப் போலாம்... லெஃப்ட்ல ஒடி... ஒடிச்சுக்கோ... வரட்டும்... வரட்டும் வரட்டும்..." சவுக்குத் தோப்பு வலது பக்கம் நகர்ந்தது. வெறும் மணல் வந்தது. இடது ஓரத்தில் முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு ஒரு கோடு வந்தது, பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே நீலம் வந்து, ஜன்னலுக்குள் மெல்ல மெல்ல நுழைந்து, சரியாகப் பாதியை நிரப்பியது.

"ஹோல்டான்!"

கட்டடம் நின்றது. ஜன்னலின் இடது பாதியில் கடல், வலது பாதியில் மணல், சவுக்கு, அதையும் தாண்டிக் குப்பத்துக் கூரைகள். தேசப்பன் வாசலிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் இரண்டு பக்கமும் கடல்.

"இன்னும் கொஞ்சம் ஒடிக்கலாமேண்ணே, முழுசாத் தெரியுமே" என்றாள் அமலோற்பவம்.

"போதுமுங்க" என்றார் நாச்சிமுத்து. "இதுக்கு மேல ஒடிச்சா அந்த ஜனங்களுக்கு மறுபடியும் வழி அடைபட்டுப் போயிரும். வண்டிய நிறுத்தறப்போ மத்தவன் வழிய மறிக்காம நிறுத்தோணும்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் கடலைப் பார்த்தார்.

முதல் அலை தூரத்தில் எழும்பியது. வெள்ளையாக, அகலமாக, நேரே கரையைப் பார்த்து வந்தது. நாச்சிமுத்துவின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. பிடித்த கையில் நரம்பு புடைத்தது. இல்லாத காலால் பிரேக்கை மிதிப்பதுபோல் உடம்பு முழுக்கப் பின்னால் போயிற்று. பாவாயி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். அமலோற்பவத்துக்கு ஜெபம்கூட வரவில்லை, மாதாவே, மாதாவே என்று பேர் மட்டும் வந்தது. அலை கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, மணலில் ஏறியது, ஏறி நின்றது, திரும்பிப் போயிற்று.

இரண்டாவது வந்தது. கிட்டே வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. மூன்றாவதும். நான்காவதும்.

"ஏ புள்ள," என்றார் நாச்சிமுத்து. குரல் நடுங்கியது, ஆனால் சிரிப்பால் நடுங்கியது. "இங்க பாரு. அத்தனையும் கிட்ட வந்து ரிவர்ஸ் எடுத்துட்டுப் போகுது."

கம்பியிலிருந்து கையை எடுத்து, வெளியே நீட்டி, போகிற அலையின் பின்னால் தட்டினார். "ரைட்... ரைட்... போலாம்... ரைட்..." ஒவ்வொன்றாக அனுப்பிவைத்தார். பத்துப் பதினைந்து அனுப்பியிருப்பார். பிறகு தட்டு மெதுவாயிற்று. பிறகு கை ஜன்னல் விளிம்பிலேயே தங்கியது. தலை தலையணையில் சரிந்தது. இமை மூடியது. இமைக்கு உள்ளே விழி ஓடவில்லை. அவர் குறட்டை விட்டபோது பாவாயி தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள், நாலு வருஷத்தையும் அழுதாள், அழுதபடியே கட்டில் காலில் சாய்ந்து அவளும் தூங்கிப்போனாள். மணி அப்போது பத்தரை.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. பெங்களூரிலிருந்து ஐந்து பேர், காற்றடித்த ரப்பர் வளையங்களோடு படியேறி வந்தார்கள். அமலோற்பவம் கதவை ஒருக்களித்துச் சாத்தி, வாசலில் நின்று, வாயில் விரலை வைத்தாள். அவர்களுக்குக் கோபம் வந்தது. அதற்குள் கீழே இருந்து கோதண்டபாணி வந்துவிட்டார். பால்கனியின் வலது மூலைக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, பாதிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்தார். "இங்க சத்தம் போடக்கூடாது. சங்க விதி" என்றார். அப்படி ஒரு விதி இல்லை என்பது அமலோற்பவத்துக்குத் தெரியும். சரோஜா டீச்சர் குக்கரை மூன்றாவது விசில் வருவதற்குள் இறக்கிவைத்தாள். குப்பத்தில் ஏலம் விடுகிறவர் விலையைக் கைவிரலால் சொன்னார். பெங்களூர்க்காரர்கள் ரப்பர் வளையங்களைப் படியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்கள்தான் புகார் சொல்லியிருக்கவேண்டும், ஒரு மணிக்குப் பிரான்சிலிருந்து லூர்துநாதன் கூப்பிட்டார். அமலோற்பவம் போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

"இன்னா அமலோற்பவம், பழைய ஆளுங்க இன்னும் காலி பண்ணலயாமே? உள்ள இன்னா பண்ணிக்கிட்டிருக்காங்க?"

அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். பாவாயியின் தலை கட்டில் ஓரத்தில் கிடந்தது. நாச்சிமுத்துவின் முகம் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, கண் மூடி, வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே, ஜன்னலின் பாதியில், ஒன்று வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"விளம்பரத்துல போட்டிருக்கறதுதான், முசே" என்றாள் மெதுவாக. "கட்டில்ல படுத்தபடியே கடல் பார்க்கிறாரு."